விரல் தூக்கும் வரை

டிரில்லின் விசையை அழுத்தியதும் அதில் மாட்டிய அம்புக்குச்சி சுழன்றது. அவள் அதன் வால்பக்கத்தைப் பள்ளக்கட்டைக்குள் இறக்கி, மேலே உப்புத்தாள் ஒட்டிய பலகையை வைத்து அமுக்கினாள். மரத்தூள் மூக்கில் ஏறியது. கண் மட்டும் கதவு வழியாக அடுத்த அறைக் கட்டிலில் இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கணவரின் கையில், அதிலும் சுட்டுவிரலில்.

அந்த விரல் எழுந்தால் நிறுத்த வேண்டும். அவளுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், வில்வித்தைப் பயிற்சிக்குப் போகும் மகளுக்கு அம்பு செய்ய உட்கார்ந்துவிட்டார். அம்பின் வால் கொஞ்சம் மெலிந்திருந்தால் வில்லை விட்டுக் கிளம்பியதும் துடிப்பு அடங்கி நேராகப் போகுமாம். எவ்வளவு மெலிய வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்கென்று சரிவாகப் பள்ளம் வெட்டி இந்தக் கட்டையைச் செய்துகொண்டு, சாப்பாட்டு மேசையையும் பிடித்துக்கொண்டார். தட்டில் மரத்தூள் விழுகிறதென்று அவள் போடாத சண்டை இல்லை.

அவர் படுக்கையில் விழுந்தபோது பாதிக் குச்சிகள் மிச்சம்.

"நீ ஓட்டு. சத்தத்த வெச்சே நான் சொல்றேன்."

"நான் கூப்பிட்டா கேக்காத காதுக்கு இது மட்டும் கேக்குமாக்கும்?"

கேட்டது. பேச்சு நின்ற பிறகும் கேட்டது. அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். ஆனால் ஏதோ ஒரு நொடியில் அந்த விரல் எழும். குச்சியை எடுத்து, துளை போட்ட பித்தளைத் தகட்டில் நுழைத்துப் பார்ப்பாள். குச்சியில் அவர் போட்டு வைத்த பென்சில் கோடு வரை போய் நின்றுகொள்ளும். முதல் குச்சியைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள். அடுத்ததும் அதே கோட்டில் நின்றது, அதற்கடுத்ததும். அவளுக்குப் புல்லரித்தது. இத்தனை காலம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அவள் தூசியைத்தான் பார்த்திருக்கிறாள்.

இன்று காலையில் வந்த நர்சம்மா நாடி பார்த்துவிட்டு அவளைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

"பஸ்ல வந்துட்டிருக்கா. சாயங்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும் தாங்கறது கஷ்டம்மா."

நர்சம்மா போனதும் அவள் டிரில்லைக் கையில் எடுத்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போகிற ஆளில்லை அவர். குச்சி இருக்கும்வரை இருப்பார். மகள் வரும்வரை அவரைப் பிடித்துவைக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் முடிந்ததும் மேசையைத் துடைத்தாள். தேயாத உப்புத்தாளைக்கூட மாற்றினாள். ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தாள்.

"அவசரமில்லீங்க. மெதுவாவே பண்ணுவோம்."

என்ன மெதுவாகச் செய்தும் குச்சிகள் தீர்ந்துகொண்டுதான் வந்தன. இப்போது சுழல்வது கடைசிக் குச்சி.

விரல் எழவில்லை. இன்னும் தேய வேண்டும் போலிருக்கிறது என்று அமுக்கினாள். கரகரப்பு மெல்ல ஏறிக் கீச்சென்றானது. அவள் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. விரல் எழவில்லை. அவர் சொல்லாமல் எப்படி நிறுத்துவது? கையில் சூடு ஏறியது. அவள் பலகையை எடுக்கவில்லை.

"அம்மா."

தோளில் பையோடு மகள் நின்றாள். கதவு திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"போதும்மா. நிறுத்தும்மா."

"அப்பா இன்னும் சொல்லலைடி."

மகள் கட்டிலைப் பார்த்தாள். பையை இறக்காமலே போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

நர்சம்மா மறுபடி வந்து, பார்த்து, அவர் கண்களை மூடிவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தார் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத மகள், எழுந்து வந்து மேசையருகே உட்கார்ந்தாள். கடைசிக் குச்சியை எடுத்துத் தகட்டில் நுழைத்தாள். கோடு துளையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

"கெடுத்துட்டேன்டி," என்றாள் அம்மா. "நீ வர்ற வரைக்கும் புடிச்சு வெச்சுடலாம்னு பாத்தேன். அவரு எப்ப போனாருன்னுகூட எனக்குத் தெரியல."

மகள் குச்சியைத் தகட்டிலிருந்து உருவினாள். கட்டைவிரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் சேர்த்து, அந்த இடுக்கில் குச்சியை வைத்து மறுகையால் சுண்டினாள். இம்மி கோணலிருந்தாலும் நகத்தில் தடதடக்கும்.

தடதடக்கவில்லை.

"இதுக்கும் இறகு ஒட்டிடறேம்மா."

குச்சி அவள் நகத்தின் மேல் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்துவதென்று கேட்பவளைப்போல், அம்மா கதவு வழியாக அந்த விரலைப் பார்த்தாள்.