அசனத்துக் கிடாய்

"எந்த அக்கம்மாள்?" என்று போனில் கேட்டான் சபை ஊழியன்.

வாசலில் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. நாகவல்லி ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"பள்ளத்தூர்ப் பக்கத்துல இருந்து பஸ்ஸேறி வருவாங்களே, எங்கம்மா. காலையில இறந்துட்டாங்க. போதகர் வந்து செபம் பண்ணி அடக்கம் பண்ணணும்."

"அந்தப் பேர்ல நம்ம சபையில யாரும் இல்லையே சிஸ்டர். வேற சபையா இருக்கும், விசாரிங்க."

வைத்துவிட்டான். ஒன்பது வருஷம் ஞாயிறு தவறாமல் காரைக்குடிக்குப் போய்வந்தவளை யாரென்று தெரியவில்லையாம்.

அப்பா போன மறுவருஷம் சந்தையில் பழகிய ஒருத்தி அம்மாவை அந்தச் சபைக்குக் கூட்டிப்போனாள். மேய்ப்பன், மந்தை, தொழுவம் என்று அங்கே பேசிய பேச்சு அம்மாவுக்கு அன்றைக்கே பிடித்துப்போய்விட்டது. "காலம்பூரா மேய்ச்சே சலிச்சுப் போச்சுடி. இனிமே என்னைய ஒருத்தர் மேய்க்கட்டும்" என்றாள். திருநீற்றை விட்டாள். குலசாமி கும்பிடுக்குக் கிடாய் தரமாட்டேன் என்றாள். கூடப்பிறந்த தம்பி சேதுபதி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

போன தை மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அதிலிருந்து கட்டில்தான். ஆட்டையும் அவளையும் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டாள். திருப்பூரிலிருந்து நாகவல்லி மாதம் ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போவாள். ஞாயிறு வந்தால் போதும், குளிப்பாட்டிவிடச் சொல்லி, வெள்ளைச் சேலை கட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளாம் அம்மா. போதகர் தேடி வருவார் என்று. ஒரு குட்டி பட்டிக்குத் திரும்பாவிட்டால் கஞ்சி குடிக்காமல் கண்மாய்க்கரை முழுக்க அலைகிறவள் அவள். வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தெரியாது.

"நீயே ஒரு போன் பண்ணிச் சொல்லேம்மா" என்று ஒருதரம் சிடுசிடுத்தாள் நாகவல்லி.

"காணாமப் போன ஆடாடி வந்து, நான் காணாமப் போயிட்டேன்னு சொல்லும்?" என்றாள் அம்மா.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் வைத்து மகளின் கையை விடவே இல்லை. "என்னைய எரிச்சுப்புடாத. போதகர் வந்து செபம் பண்ணி மண்ணுல வைக்கணும்." சரி சரி என்று தலையாட்டினாள் நாகவல்லி. அப்போது அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கோடிச்சேலையோடு வந்த சேதுபதியிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் கறுத்தது. "வரட்டும், பாப்போம். வெயில் தாழுறதுக்குள்ள வரலேனா நம்ம முறைதான் ஆத்தா. விறகு ஏத்தச் சொல்லிட்டேன்" என்றார்.

வெயில் தாழத் தொடங்கியிருந்தது. நாகவல்லி மறுபடி போன் போட்டாள்.

"தம்பி, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒல்லியா, கறுப்பா, லேசாக் கூன் போட்டு நடப்பாங்க." அவனுக்குப் பிடிபடவில்லை. அசனம் என்று சபையில் போடும் சாப்பாடு அவளுக்கு ஞாபகம் வந்தது. "வருசா வருசம் அசனத்துக்குக் கிடாய் குடுப்பாங்களே!"

"அட, கிடாய்க்கார அம்மாவா! ரெபேக்காள் அம்மான்னு சொல்லுங்க சிஸ்டர். ஞானஸ்நானப் பேரு அதுதான்."

நாகவல்லி பட்டித் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவளுக்கு இப்படி ஒரு பேர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேலி செய்வார்கள் என்று அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள்.

"இந்தத் தடவ அசனத்துக்குக் கிடாய் வரலையா, சரி, அம்மா வேற சபைக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சோம்" என்றான் அவன், ஒளிவுமறைவு இல்லாமல்.

"கிடாய் வரலேன்னு தெரிஞ்சிருக்கு. ஓட்டிக்கிட்டு வந்தவ என்ன ஆனான்னு பாக்கத் தோணலையா?"

போதகர் ஐயா கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர் போயிருக்கிறார், இன்றைக்கு வர வழியில்லை, வேண்டுமானால் போனிலேயே செபம் பண்ணச் சொல்கிறேன் என்றான்.

சரி என்று வைத்துவிட்டுச் சேதுபதியிடம் போய்ச் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"நல்ல மேய்ப்பன்! எட்டு மாசமா ஆட்டைக் காணோம், ஏன்னு கேக்க நாதியில்ல. அவன் வருவான்னு இவ காத்துக் கெடந்தாளாக்கும்."

"நீங்க மட்டும் வந்தீகளா மாமா?"

சிரிப்பு நின்றது.

"நடந்து வார தூரம்தானே? ஒச்சம்மாக்கா ரெண்டு தடவ ஆள் விட்டும் நீங்க எட்டிப் பாக்கலையே. நானும்தான், மாசம் ஒருநா வந்து பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனேன். அவுகளை மட்டும் என்னத்தச் சொல்றது?" அவள் குரலில் அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

சேதுபதி அக்காளின் முகத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினார். "அழகுராஜா! விறகு வேணாம்டா. ஓடிப்போயி குழி வெட்டச் சொல்லு."

பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. செபம் அவள் போனில் வரவேண்டியிருந்ததால், "நீயும் வாத்தா" என்றார் சேதுபதி. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அம்மாவைக் குழிக்குள் இறக்கிவிட்டு எல்லாரும் மேலே ஏறினார்கள். நாகவல்லி ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் குழிக்கு நேராக நீட்டினாள். பின்னால் ஏதோ கூட்டத்தின் இரைச்சலோடு போதகரின் கனத்த குரல் வந்தது.

"வழிதப்பின ஆட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தோளின்மேல் சுமக்கிற எங்கள் நல்ல மேய்ப்பரே, இந்த வேளையிலே எங்கள் அன்புச் சகோதரி…"

குரல் நின்றது. "பேரு என்ன தம்பி?" என்று பக்கத்தில் யாரிடமோ அவர் தணிவாகக் கேட்டது குழியைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

"எங்கள் அன்புச் சகோதரி ரெபேக்காளை உம்முடைய…"

"யாரு அது?" என்றார் சேதுபதி.

"அம்மாதான்" என்றாள் நாகவல்லி.

அவர் வாய்க்குள் அந்தப் பேரை ஒருதரம் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. அதற்குள் போதகரின் குரல் விட்டுவிட்டு வந்து, சிக்னல் அறுந்து, போன் ஊமையாகிவிட்டது.

மண்வெட்டிக்காரர்கள் காத்து நின்றார்கள்.

"முடிஞ்சுச்சா ஆத்தா?"

நாகவல்லி போனைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள்.

"முடிஞ்சுச்சு மாமா."

சேதுபதி குனிந்து மண்ணை அள்ளினார். போன் மறுபடி அடித்தது. எடுப்பாளோ என்று அவர் மண்ணும் கையுமாக நின்றார். அவள் அதன் சத்தத்தை அமர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டாள். மூன்று கை மண் போட்டு முடிக்கிறவரைக்கும் அது இடுப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது.