பவுனம்மாள் அமுக்கினால் ஓடும்

இருபத்து நான்கு விரல்கள், இருபத்து நான்கு சுவிட்சுகளின் மேல் தயாராக இருந்தன.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. கன்னையாவின் புதிய கணினித் தேர்வு மையம். ஒவ்வொரு கணினியின் முன்னாலும் அவருடைய உறவினர் ஒருவர். பட்டுப் புடவையும் ஜிப்பாவும் சந்தனப் பொட்டுமாக அறை கல்யாண மண்டபம் போல இருந்தது.

"நாதஸ்வரம் கேட்ட உடனே எல்லாரும் ஒண்ணா அமுக்கணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது லா" என்றார் கன்னையா.

மூலையில் ஒரு பழைய மடிக்கணினிக்குப் பின்னால் லோகேஸ்வரி நின்றாள். கிள்ளான் ஊர்க்காரி. பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த முதல் வேலை இது. எதிரே இருந்த கணினிகள் அத்தனையும் காலிக் கூடுகள். சுவிட்சைப் போட்டால், 'எனக்கு யாராவது சிஸ்டம் கொடுங்களேன்' என்று அவை கேபிள் வழியாகக் கேட்கும். மூலையில் இருக்கும் மடிக்கணினிதான் சர்வர். அது கோப்புகளை அனுப்ப, மீதி வேலை தானாக நடக்கும். பென்டிரைவ் தேவையில்லை. யாரும் உட்கார்ந்து எதையும் தட்டவும் வேண்டாம்.

நேற்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. ஆனால் கன்னையா விடவில்லை. "எல்லாத்தையும் அழிச்சு வச்சிரும்மா. முகூர்த்தத்துலதான் புதுசா ஏறணும்" என்று சொல்லிவிட்டார். அழித்து வைத்தாள்.

மூன்று மணிக்குத் தேர்வு வாரியத்து அதிகாரி வருகிறார். இருபத்து நான்கும் ஓடினால் மையத்துக்கு அனுமதி. ஒன்று படுத்தாலும் அடுத்த வருடம்தான் மறுபடி எட்டிப் பார்ப்பார்கள்.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. விரல்கள் இறங்கின.

கறுப்புத் திரைகளில் வெள்ளை எழுத்து ஓடியது. நின்றது. யோசித்தது. பிறகு வரிசை வரிசையாக, பதில் வரவில்லை என்று அறிவித்துவிட்டுக் கையை விரித்தது.



"என்னம்மா, உன் சர்வர் இன்னும் பசியாறலையா?" என்று கேட்டார் வேலாயுதம். கன்னையாவின் மச்சான். மேரு ஊரில் லோரி கம்பெனி வைத்திருப்பவர், வாய்க்கு வரி கட்டாதவர்.

"இங்க வந்து பாருங்க. எனக்கு நீலமா ஏதோ ஓடுது" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். கன்னையாவின் அக்கா பவுனம்மாள். அவர் கணினியில் மட்டும், சிஸ்டம் ஏறுவதைக் காட்டும் நீலக்கோடு ஜம்மென்று வளர்ந்துகொண்டிருந்தது.

லோகேஸ்வரி கேபிள்களை அசைத்துப் பார்த்தாள். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒழுங்காகக் கண்சிமிட்டின. வேலாயுதத்தின் கணினியைத் தானே போட்டாள். மறுபேச்சில்லாமல் ஓடியது.

"நீ போட்டா ஓடுது, நான் போட்டா ஓடல. மிஷினுக்கு ஆள் பார்த்து மரியாதையா?"

"சும்மா இருங்க மச்சான்" என்றார் கன்னையா. "முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருக்கு. அழிச்சிட்டு மறுபடி போடு லோகேஸ்."

இந்த முறை வேலாயுதம் ஒரு காரியம் செய்தார். "அக்கா, உங்க மிஷின்தான் நல்ல மிஷின். மாத்திக்குவோம்" என்று பவுனம்மாளின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நாதஸ்வரம். விரல்கள். கறுப்புத் திரை. கைவிரிப்பு.

நல்ல மிஷினும் கையை விரித்தது. வேலாயுதத்தின் பழைய இடத்தில் பவுனம்மாளின் நீலக்கோடு மட்டும் ஓடியது.

"கைராசி" என்றாள் கன்னையாவின் மனைவி மலர், மெல்ல. அந்த வார்த்தை நான்கு வரிசையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

லோகேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பவுனம்மாளின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "ஆன்டி, நாதஸ்வரம் கேட்ட உடனே அமுக்கினீங்களா?"

"எங்கம்மா? கண்ணாடியைப் போடணும், சுவிட்ச் எங்க இருக்குன்னு தேடணும், சாமியைக் கும்பிடணும். நான் அமுக்குறப்ப இவங்க எல்லாம் அலாமாக், போச்சுன்னு தலையில கை வச்சிட்டாங்க."

லோகேஸ்வரி நிமிர்ந்தாள். 

நேற்று அவள் தனி ஆள். ஒரு நேரத்தில் ஒரு சுவிட்சுதான் போட முடிந்தது. இன்று இருபத்து மூன்று கணினிகள் ஒரே மூச்சில் கையை நீட்டியிருக்கின்றன. கிழட்டு மடிக்கணினி யாருக்குக் கொடுப்பது என்று திணறிப்போய் ஒருவருக்கும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. அவை பொறுமை இழந்து விலகிய பிறகு, ஆற அமர வந்த பவுனம்மாளுக்கு முழுப் பந்தி.

விஷயத்தைக் கன்னையாவிடம் சொன்னாள். "முதல் கோப்பு மட்டும் கிடைச்சிட்டா போதும் பாஸ், அப்புறம் வரிசையில பொறுமையா நிக்கும். ஒவ்வொருத்தரா அமுக்கினா சரியாயிடும்."

கன்னையாவின் முகம் வெளுத்தது. "ஒவ்வொருத்தரான்னா... முதல்ல யாரு?"

அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் வேலாயுதத்தின் காதுக்குப் போய்விட்டது. "இதுல என்ன கேள்வி? பிள்ளைங்களுக்குத் தாய்மாமன் நான் இருக்கேன்."

"அப்ப கூடப் பிறந்த தம்பி நான் எதுக்கு வந்தேன்? போட்டோவுக்கா?" என்று எழுந்தார் சபாபதி, கன்னையாவின் தம்பி.

"என் பொண்ணு வீட்டு சம்பந்தியக் கடைசியில நிறுத்துவீங்களா?" என்றாள் மலர்.

ஒன்றாக அமுக்கச் சொன்ன கன்னையாவின் கணக்கு லோகேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. வேறு சர்வர் கொண்டு வரலாம். அது கிள்ளானில் இருக்கிறது. ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசல் அவளுக்காக வழிவிடப் போவதில்லை. இங்கே யார் முதலில் என்று தீர்மானிப்பதற்குள் அதிகாரி வந்து டீ குடித்துவிட்டே போய்விடுவார்.

அவள் தொண்டையைச் செருமினாள். வாழ்க்கையில் சொல்லவே மாட்டேன் என்று நினைத்திருந்ததைச் சொன்னாள்.

"பவுனம்மாள் ஆன்டிக்குத்தான் கைராசி. ரெண்டு தடவையும் பார்த்தீங்க. அவங்களே எல்லாத்தையும் அமுக்கட்டும்."

வேலாயுதமே நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டார். 

லோகேஸ்வரி பவுனம்மாளின் காதருகே சொன்னாள்: "நீலக்கோடு வந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போகணும். வேகமா வேண்டாம்."

"என் முழங்கால் வலிக்கு வேகமா எங்க போறது?"

பவுனம்மாள் புறப்பட்டார். ஒரு சுவிட்ச், ஒரு பெருமூச்சு, ஒரு நீலக்கோடு. அடுத்த நாற்காலி. வழியில் சபாபதியின் மகளுடைய புடவை விலையை விசாரித்தார். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தது. கடைசி வரிசைக்கு அவர் வந்தபோது முதல் வரிசை முழுசாக எழுந்து, கடவுச்சொல் கேட்டு நின்றது.

தேர்வு வாரியத்து அதிகாரி சிவேந்திரன் சொன்ன நேரத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிரிப்பை அளந்துதான் செலவழிப்பார். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, தட்டி, எழுந்தார். ஒன்றும் படுக்கவில்லை.

"எல்லாம் சரி. இப்பவே பதிஞ்சு விடுறன்" என்று தன் டேப்லெட்டை எடுத்து, மையத்தின் வைஃபையில் இணைத்து, அனுமதியை அனுப்பினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி சுற்றியது.

"இண்டைக்குப் போகாட்டி, அடுத்த வருசக் கூட்டத்திலதான் பார்க்கலாம்" என்றார்.

கன்னையா அக்காவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கைராசி விவரத்தை யாரோ கிசுகிசுக்க, சிவேந்திரன் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு டேப்லெட்டைத் தாழ்வாக நீட்டினார். "அம்மா, நீங்கள் ஒருக்கா அமுக்கிப் பாருங்கோ."

லோகேஸ்வரி வாயைத் திறக்குமுன் பவுனம்மாள் அறையைக் கண்ணாலேயே எண்ணினார். அத்தனை பேரும் தலையைக் குனிந்து, காலையில் எடுத்த வீடியோவை அதே வைஃபையில் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"வேலாயுதம், அந்த போனைக் கீழ வை. சபாபதி, நீயும்தான். எல்லாரும் வைஃபைய விட்டு இறங்குங்க. அப்புறம் அமுக்குறேன்."

ஒவ்வொரு கைப்பேசியாக மேசைக்கு இறங்கியது. பவுனம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாமியைக் கும்பிட்டு, விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, அமுக்கினார்.