சனிக்கிழமைப் பாடு

வியாழக்கிழமை மதியம் சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டி மனோரமா இறால் தொக்கு வைத்திருந்தாள். இரண்டு உருண்டையோடு தட்டைத் தள்ளிவிட்டேன். சட்டைப்பையில் கோவாவுக்கு ரயில் டிக்கெட். சாயங்காலம் பொன்னேரியில் மின்சார ரயில் பிடித்து, சென்னையில் வண்டி மாறினால் போதும், சனிக்கிழமை காலை போக்கர் சீட்டாட்டப் போட்டியில் உட்கார்ந்துவிடலாம். அதே சனிக்கிழமை காலைதான் ஏரியில் என் பாடு.

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல இருக்காது. முகத்துவாரத்தில் அள்ளலாம். உள்ளே சேற்றுப் பக்கம் போனால் வலையை நனைத்துக் காயப்போடலாம், அவ்வளவுதான். அதனால் ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருத்தனுக்கும் முறைவைத்து இடம் மாறிக்கொண்டே வரும். இன்றைக்குச் சேறு கிடைத்தவனுக்கு இன்னொரு நாள் முகத்துவாரம். எங்கள் குப்பத்தில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. மழைக்குப் பிறகு வரும் முதல் பாட்டில் பெயருக்குரியவன் நேரில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் நிற்காவிட்டால் அபராதம். அடுத்த வருஷமும் நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் என் பிள்ளைக்கும் ஏரியில் இடமில்லை.

போன வருஷம் நான் நிற்கவில்லை. கோவாவில் இருந்தேன்.

பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே அங்கே ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலில் இரண்டு வருஷம் கயிறு கட்டும் வேலை பார்த்தவன் நான். ஓய்வு நேரத்தில் மேஜைப் பக்கம் நின்று பார்த்தே போக்கர் கற்றுக்கொண்டேன். நல்ல சீட்டு வரும்வரை வந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டுப் பொறுமையாக இருப்பதுதான் ஆட்டத்தில் பாதி. காத்திருக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வலை போட்டவனுக்கு அது பிறவிக்குணம். போன வருஷம் அங்கே நடந்த போட்டியில் இருநூறு பேரில் கடைசி ஒன்பது பேருக்குள் வந்துவிட்டேன். இன்னும் ஆறு பேர் வெளியே போயிருந்தால் மூன்றாம் பரிசுப் பணத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் குப்பைச் சீட்டாக வந்தது. ஒவ்வொன்றாக விட்டேன். விட விட, தலைக்குள் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. 'பூவரசா, எவ்வளவு நேரமா பொறுத்துட்ட, இப்போ உன் முறைதான்' என்றது. அப்போது வந்தது ஒரு ஜாக்கியும் ஒரு அஞ்சும், அதுவும் குப்பைதான். கையிலிருந்த பந்தயக் காசு மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன். எதிரே இருந்தவனிடம் இரண்டு ஏஸ், இருப்பதிலேயே பெரிய சீட்டு. மொத்தமும் தோற்று எழுந்து வந்துவிட்டேன்.

கடைசி ஒன்பது பேருக்கு இந்த வருஷம் இலவச இடம் என்று கடிதம் வந்தபோது ஊரே பேசியது. எனக்குச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்தக் குரல் மறுபடி வந்தால்? ஆட்டமும் போய், பெயரும் போய், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் வேடிக்கை பார்ப்பேனா?

"அஞ்சு மணிக்குப் பெரிப்பாகிட்ட பதில் சொல்லணும்" என்றேன். பெரியப்பா என்றால் தேசப்பன், ஊர்த் தலைவர். பட்டியல் அவர் கையில்தான்.

"சொல்லு. அதுக்கு மின்ன இப்டி குந்து" என்று பாயைத் தட்டினாள் மனோரமா. கையில் சீட்டுக்கட்டு. "நான் போடுறேன். நீ ஆடுறியா, வுடுறியான்னு மட்டும் சொல்லு. அந்தக் கொரலு வருதா இல்லியா பாத்துடலாம்."

இரண்டு சீட்டு போடுவாள். பார்ப்பேன். "வுட்டேன்" என்பேன். கட்டைக் கலைத்து மறுபடி இரண்டு போடுவாள். ஒன்பதும் மூணும். வுட்டேன். ஏழும் ரெண்டும். வுட்டேன். இருபது தடவை தாண்டியபோது ஒரு ஏஸ்கூட இன்னும் கண்ணில் படவில்லை என்பதைக் கவனித்தேன். முப்பதிலும் இல்லை. இதோ வரப்போகிறது, பக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. முப்பத்தெட்டாவது தடவை ஜாக்கியும் ஆறும் விழுந்தன. கையில் வராத ஏஸ், எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கிற ஐந்து சீட்டிலாவது வந்தே தீரும்.

"ஆல் இன்" என்றேன், இருப்பதையெல்லாம் வைக்கிறேன் என்று அர்த்தம். என் வாய்தான் சொன்னது, எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

மனோரமா நடுச்சீட்டை விரிக்கவில்லை. பாய்க்கு அடியில் கையை விட்டு நான்கு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான்கும் ஏஸ்.

"காலையிலயே எடுத்து வெச்சிட்டேன்."

"இன்னாமே, என்னையே ஏமாத்துறியா?" என்று கத்தினேன். வெட்கத்தில் வந்த கோபம்.

"நான் ஏமாத்துனது இருக்கட்டும். முப்பத்தெட்டு வாட்டி ஏஸ் வரல. கட்டுல இல்லியோன்னு ஒரு வாட்டியாச்சும் உனுக்குத் தோணுச்சாய்யா?"

தோன்றவில்லை. இவ்வளவு நேரம் வராததால் இனி வந்துதான் ஆகவேண்டும் என்று மட்டும் தோன்றியது. பிறந்ததிலிருந்து பாடு பார்த்து வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? ஏரியில் சேற்றில் நின்றவனுக்கு முகத்துவாரம் வரும், ஏனென்றால் அங்கே ஒரு தேசப்பன் இருக்கிறார், பட்டியல் இருக்கிறது. சீட்டுக்கட்டில் யார் எவ்வளவு நேரம் பொறுத்தான் என்று எவனும் எழுதி வைப்பதில்லை. இந்த எளிய விஷயம் புரிய எனக்கு ஒரு வருஷமும் ஒரு பெண்டாட்டியும் தேவைப்பட்டது.

"ஏஸையும் சேத்துக்க. மறுபடி போடு" என்றேன். நோய் தெரிந்துவிட்டதே, இனி பயமில்லை என்று நினைத்தேன்.

போட்டாள். விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். குரல் வரவேயில்லை. அரைமணி நேரம் கழித்து, நான் கவிழ்த்துத் தள்ளிய இரண்டு சீட்டை அவள் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் ராணி.

"இது நல்ல சீட்டுதானே? சரியா பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்றம் இன்னாத்துக்கு வுட்ட?"

"பயமா இருந்துச்சு மே."

ராணியைப் பார்த்ததும் பட்டியலில் என் பெயர் மேல் கோடு விழுவதுதான் கண்ணில் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்தில் இருந்த ராணியே பேயாகிவிட்டாள். துணிந்தால் கண்மூடித் துணிகிறேன், அடங்கினால் செத்தவன்போல் அடங்குகிறேன். பிள்ளையின் இடத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னால் ஆட முடியாது. மனோரமா கட்டை அடுக்கி ரப்பர் போட்டாள்.

ஐந்து மணிக்குக் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. தேசப்பன் பெரியப்பா பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து என் பெயரில் நிறுத்தினார்.

"பூவரசா, நிக்கிறியா?"

"நிக்கிறேன் பெரிப்பா."

"கோவா?"

"போவல."

பின்னாலிருந்து என் மச்சான் உதயகுமார், "பறக்கறத வுட்டுட்டு இருக்கறத புடிச்சிக்கினான்பா" என்று சிரித்தான். போன வருஷம் நான் வராததால் என் பாட்டில் நின்று கூடை கூடையாக இறால் அள்ளியவன், சிரிக்கத்தான் செய்வான். பெரியப்பா என் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

முதல் பாட்டுக்கு மட்டும் இடத்தைக் குலுக்கிப் போடுவார்கள். அப்புறம் முறையாகச் சுற்றிவரும். குடத்துக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்துப் பிரித்தேன். சேற்றுப் பக்கம்.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். சென்னைக்கு ரயில் பிடிக்கக் கிளம்ப வேண்டிய நேரம் அது.

"எங்க வுழுந்துது?" என்று கேட்டாள் மனோரமா.

"சேத்துல. சனிக்கெயம ஒண்ணும் வராது மே."

"வராட்டி போவுது. அடுத்த வாட்டி வரும்."

மதியம் என் தலைக்குள் கேட்ட அதே பேச்சு. அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை எனக்கு நடு ஏரி, அதற்கடுத்தது முகத்துவாரம். பட்டியலில் பெயர் இருக்கிறது.

"வரும்" என்றேன். "அந்தச் சோறு இருக்கா?"