இறக்கைக்கு அடியில் ஒரு விளக்கு

தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களை ஒட்டி இருந்த அந்தத் தனியார் விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தில் ஃபஹ்மிதா ஒருத்திதான் பெண். அவள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த ஆண்டே வாப்பாவும் உம்மாவும் அண்ணனோடு ஷார்ஜாவுக்குப் போய்விட்டார்கள். திருவிடைமருதூர் வீடு பூட்டிக் கிடந்தது. வேலை கிடைத்ததால் அவள் மட்டும் தங்கிவிட்டாள்.

மெக்கானிக்குகளுக்கு அடிபடாமல் இருக்க, விமானத்தின் வெளிப்புறத்தில் எச்சரிக்கை விளக்குப் பொருத்துவது அவள் வேலை. இறக்கையின் பின்னோரத்தில் ஃபிளாப் என்கிற பலகை ஏறி இறங்கும். அந்த இடுக்கில் கை இருந்தால் நசுங்கிவிடும். ஃபிளாப்புக்கு மின்சாரம் கொடுத்ததும் இறக்கைக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் நெருங்கக் கூடாது. முதலில் ஒரு விமானத்தில் மட்டும் பொருத்தியிருந்தாள். அது சரிவரவில்லை என்றால் விளக்கும் இல்லை, அவளுக்கு வேலையும் இல்லை.

மேனேஜர் சந்தானகிருஷ்ணன் அவளிடம் பேசும்போது சுவரைப் பார்ப்பார். மற்றவர்கள் அவள் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மூத்த மெக்கானிக் துரைராசு மட்டும் விடமாட்டார்.

"என்ன தங்கச்சி, கார்த்திகைக்கு முன்னாடியே விளக்கு ஏத்திட்ட? கல்யாணம் வரைக்குமாவது எரியுமா?"

"யாருக்குண்ணே கல்யாணம்?"

"விளக்குக்குத்தான்."

சில நாள் அவள் காதில் விழும் பேச்சு அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மாலை, வயலிலிருந்து பச்சைப் பூச்சி கிளம்பியது. அந்தப் பக்கத்து வீடுகளில் பூச்சி வந்தால் யாரும் விளக்கை எரியவிட மாட்டார்கள். சோற்றில் விழும், காதில் புகும். யோசிக்காமலே கை சுவிட்சுக்குப் போகும். ஃபிளாப்பிலிருந்து தள்ளி, சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்த துரைராசுவின் கையும் போனது. சோதனைக்காக ஃபஹ்மிதா அங்கே சிவப்பு விளக்குக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள்; அதை அணைத்துவிட்டார்.

மறுபக்கமாக வந்த நல்லக்கண்ணு சிவப்பு எரியாததைப் பார்த்துவிட்டு இடுக்கில் கைவிட்டார். விமானத்துக்குள் சோதித்துக்கொண்டிருந்தவர் அதே நேரம் ஃபிளாப்பை ஏற்றினார்.

இரண்டு விரல் முறிந்தது. எல்லோரும் நல்லக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துரைராசு சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தது ஃபஹ்மிதா மட்டும்.

"பூச்சிம்மா. கை தானாப் போயிடுச்சு."

மறுநாள் காலை மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்தார். "லைட் எரியலேன்னு நல்லக்கண்ணு சொல்றான். உங்க லைட்ல கோளாறாம்மா?"

துரைராசு தரையைப் பார்த்தார். ஆமாம் என்றால் விளக்கைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் இன்னொருவர் கை மாட்டும். இல்லை என்றால் துரைராசு மாட்டிக்கொள்வார்.

"கோளாறு இல்ல சார். துரைராசு அண்ணன் அணைச்சாங்க. பூச்சி வந்துச்சு."

யாரோ சிரித்தார்கள்.

"நம்ம பக்கத்துல யாரா இருந்தாலும் அணைச்சிருப்பாங்க சார்," என்றாள். "அங்க சுவிட்ச் வச்சதே நான்தான். விளக்கு எரியலேன்னா கைவைக்கலாம்னு ஆக்கினதும் நான்தான். அதை மாத்தணும். கைவைக்கலாம்னா பச்சை எரியணும். எதுவுமே எரியலேன்னா கிட்டப் போகக் கூடாது."

மேனேஜர் சுவரைப் பார்த்தபடியே மாற்றிப் பொருத்தச் சொன்னார். துரைராசுவைச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்.

மதியம் வயர் வாங்க அவள் ஸ்டோருக்குப் போனாள். துரைராசு சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீ சொன்னதுல பொய்யில்ல. நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன். முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

காலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவருக்காகத்தான் அவள் காத்து நின்றாள். அவர் வந்தார், பூட்டினார், அவளைத் தாண்டிப் போனார். அவள் கூப்பிடாமல் விட்டுவிட்டாள். அதைச் சொல்ல வாய் திறந்தாள். பின்னாலிருந்து ஒருவர் ஸ்பேனர் கேட்டார். துரைராசு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவள் வயரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.