புயலைப் பற்றி அத்தா சொன்னது

புயல் வரப்போகிறது என்று முதலில் அறிவித்தபோது பினாங்கில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுமத்ராவின் மலைகள் தடுத்துவிடும், இந்தத் தீவுக்குப் புயல் வந்ததாக யார் கேள்விப்பட்டது என்று தேநீர்க் கடைகளில் ஆளாளுக்கு வானிலை சொன்னார்கள். மறுநாள் செய்தியில் வரைபடத்தைக் காட்டினார்கள். நீரிணையின் நடுவில் வெள்ளையாக ஒரு சுழல். அதிலிருந்து கிளம்பிய சிவப்புக் கோடு பினாங்கின் மேல் வந்து நின்றது. அதற்குப் பிறகு பேச்சு மாறியது. பேரங்காடிகளில் ரொட்டித் தட்டுகள் காலியாயின. மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. ஒரு கூட்டம் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கியது, இன்னொரு கூட்டம் அலையைப் படமெடுக்கக் கடற்கரைச் சாலைக்குப் போனது. யாரோ ஒரு நிபுணர் பேசியதாக ஒரு குரல் பதிவு எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. அந்த நிபுணர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

தீவிலிருந்து பாலம் தாண்டினால் வரும் செபராங் ஜெயாவில் சுஹானா வேலை பார்த்த சரக்குக் கம்பெனியிலும் அதே பேச்சுதான். பக்கத்து மேசை நோர்மா கூரை பறக்கும் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படங்கள் எந்த நாட்டில் எடுத்தவை என்று கேட்டதற்கு, "எங்க எடுத்தா என்ன, காத்து காத்துதானே லா" என்றாள்.

சுஹானா அத்தா என்று கூப்பிடும் அவள் தந்தை ஷேக் அலாவுதீனுக்குச் சூலியா தெருவில் கடை. பயணப் பெட்டிகளும் தோள்பைகளும் விற்பார். வெள்ளைக்காரப் பயணிகள் கிழிந்த பையோடு வந்து அவரோடு அரை மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டுப் புதுப் பையோடு போவார்கள். பேச ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு, வியாபாரம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு தமிழ்ச் செய்தித் தளத்திலிருந்து ஷர்மினி என்ற இளம் நிருபர் கேமராக்காரரோடு அந்தத் தெருவுக்கு வந்தபோது, மற்ற கடைக்காரர்கள் கையை ஆட்டி மறுத்தார்கள். இவர் கூப்பிட்டுப் பேசினார்.

"புயலா? பினாங்குக்கா? வரட்டும் லா! சனி ஞாயிறு ஆனா நம்ம காடிக்கே இங்க பார்க்கிங் கெடைக்கல. புயல் எங்க கொண்டு போய் நிப்பாட்டும்? ரெண்டு சுத்து சுத்திட்டு ஈப்போவுக்குப் போயிடும்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கேமராவும் சேர்ந்து குலுங்கியது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சிறிய காணொளி நாடு முழுவதும் போய்விட்டது. மலாயில் எழுத்துப் போட்டு ஒருவர் பகிர்ந்தார், பின்னணியில் மேளச் சத்தம் சேர்த்து இன்னொருவர் பகிர்ந்தார். பயந்து கிடந்த ஜனங்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. சுஹானாவும் அலுவலகக் குழுவில் போட்டாள். 'எங்க அத்தா' என்று எழுதி, பக்கத்தில் ஓர் இதயமும் போட்டாள். நோர்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் கடைக்கு ஆட்கள் வந்து அவரோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பார்க்கிங் கதையைத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் சுஹானாவின் அம்மா ரோஹானா மட்டும் சிரிக்கவில்லை.

"மச்சான், அல்லா அனுப்புறத வச்சு விளையாடாதீங்க" என்றாள். கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான் எங்க விளையாடுனேன்? ஊரு பயந்து கெடக்கு, ரெண்டு வார்த்த சிரிக்கச் சொன்னேன். அவ்ளோதான் லா."

சுனாமி வந்த வருடம் கடற்கரைப் பக்கம் இருந்த தூரத்துச் சொந்தம் ஒருத்தியை ரோஹானா இழந்திருந்தாள். அதிலிருந்து கடலைப் பற்றிய செய்தி எதையும் அவளால் பாதியில் விட முடியாது. புயல் பேச்சு தொடங்கியதிலிருந்து ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. சமைக்கும்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

புயல் கரையைத் தொடும் என்று சொன்ன நாள் காலையில் வெயில் அடித்தது. சுஹானா வேலைக்குப் போனாள், அத்தா கடையைத் திறந்தார். மதியத்துக்குப் பிறகு வானம் தாமிரப் பாத்திரம் போல ஒரு நிறத்துக்கு மாறியது. காற்று எழுந்தது. தொலைக்காட்சியில் கீழே ஓடிய சிவப்புப் பட்டையில் 'இன்னும் சற்று நேரத்தில்' என்று திரும்பத் திரும்ப வந்தது. எங்கோ மரம் விழுவதையும் எங்கோ கூரை பெயர்வதையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ரோஹானா கடைக்குப் போன் செய்தாள்.

"மச்சான், கடைய மூடிட்டு வந்துருங்க."

"மழ விடட்டும், வர்றேன். கட உள்ளதான இருக்கேன்."

அவள் விடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழுதாள். அவள் அழுதால் அவரால் தாங்க முடியாது.

"சரி சரி, அழுவாத. இதோ கெளம்பிட்டேன்" என்றார். பக்கத்துக் கடைக்காரர் இருக்கச் சொல்லியும் கேட்காமல், கதவை இழுத்துப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

வீட்டுக்குப் பாதி வழியில், சாலையோரத்தில் நின்ற பெரிய மழைமரம் வேரோடு சாய்ந்தது. அதன் கீழே அவர் இருந்தார்.

புயலின் நடுப்பகுதி வடக்கே வெகு தூரத்தில் கரையேறியது என்று பின்னால் சொன்னார்கள். பினாங்குக்கு வந்தது அதன் ஓரம் மட்டும்தான். சில கூரைகள், நிறைய மரங்கள், ஓர் உயிர்.

சுஹானாவுக்கு அண்ணன் ஹஸ்ருல் போன் செய்தபோது, காற்றுக்காகப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களை விடவில்லை. நோர்மா தன் காரில் அவளை அழைத்து வந்தாள். பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஹஸ்ருல் ஈரச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அடக்கத்துக்கு முந்திய ஜனாஸா தொழுகை நடந்தது. வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. சூலியா தெருக் கடைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் யாரும் புயலைப் பற்றிப் பேசவில்லை.

வெளியே மற்றவர்கள் பேசினார்கள்.

'புயலைக் கேலி செய்தவர் புயலுக்குப் பலி.' ஏதோ ஒரு பக்கத்தில் இந்தத் தலைப்போடு அத்தாவின் காணொளி திரும்ப வந்தது. அதே சிரிப்பு, அதே சட்டை. சிரிப்பு முடியும் இடத்தில் விழுந்து கிடந்த மரத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். 'வாய்க்கொழுப்பு.' 'இறைவனோடு விளையாடக் கூடாது என்பதற்குப் பாடம்.' 'புயலுக்குப் பார்க்கிங் கிடைத்துவிட்டது போல.' அந்தக் கடைசி வரிக்குத்தான் சிரிப்பு முகங்கள் அதிகம்.

சுஹானா முதலில் பதில் எழுதினாள். இவர் என் அத்தா, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. ஒருவர் ஆறுதல் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் நீங்களாவது புத்தி சொல்லியிருக்கலாமே என்று எழுதினார். அதன் பிறகு அவள் பதில் எழுதவில்லை. ஆனால் படிப்பதை நிறுத்த முடியவில்லை. சமையலறையில், பேருந்தில், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தாள்.

ரோஹானாவும் அந்தக் காணொளியைப் பார்க்கக் கேட்டாள். கல்யாணங்களிலும் பெருநாளிலும் வீட்டில் படமெடுப்பவர் அவர்தான். அதனால் வீட்டிலிருந்த படங்கள் எதிலும் அவர் பேசும் முகம் இல்லை. "அவரு பேசுறதப் போடு" என்று மகளிடம் சொல்வாள். சுஹானா போட்டுக் காட்டுவாள். கீழே ஓடும் கருத்துகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வாள்.

ஒரு வாரம் போல ஆனபோது ஷர்மினி வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த ஹஸ்ருலுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது.

"இன்னும் என்னா வேணும் உங்களுக்கு? நாங்க அழுவுறத எடுக்கணுமா?"

"கேமரா கொண்டு வரல அண்ணே. சும்மாதான் வந்தேன்." அவள் வாசலிலேயே நின்றாள். "எங்க தளத்துல அந்த வீடியோவ எடுத்துட்டோம். ஆனா மத்தவங்க எடுத்து வச்சுக்கிட்டாங்க. எவ்ளோ பேருக்குச் சொல்லியும் எடுக்க மாட்டேங்குறாங்க. நான் அன்னிக்கு அந்தத் தெருவுக்குப் போகாம இருந்திருந்தா..."

"போயிட்டீங்க லா. இப்ப சொல்லி என்ன?"

உள்ளே இருந்து ரோஹானாவின் குரல் வந்தது. "யாருடா அது? உள்ள வரச் சொல்லு."

ஷர்மினி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ரோஹானா அவளைத் திட்டவில்லை. தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். ஷர்மினி அதைக் குடித்துவிட்டு எழுந்தாள். கிளம்பும்போது சுஹானா அவளை மாடிப்படி வரை கொண்டுவிட்டாள்.

"அத்தா அன்னிக்கு அவ்ளோதான் பேசுனாரா? மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குக்கா. நெறைய பேசுனாரு. நாங்க சிரிச்ச எடத்த மட்டும் வெட்டிப் போட்டோம். முழுசா அனுப்புறேன்."

அந்த 'நெறைய' என்ற சொல்லைச் சுஹானா இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தா ஏதாவது சொல்லியிருப்பார். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஒரு வரி போதும். அல்லாதான் காக்க வேண்டும் என்று ஒரு வரி. அதை எடுத்து எல்லார் முகத்திலும் எறிந்துவிடலாம்.

மறுநாள் மதியம் பதிவு வந்தபோது அவள் சூலியா தெருக் கடையில் இருந்தாள். ஹஸ்ருல் வங்கிக்குப் போயிருந்தான். பெட்டிகளுக்கு நடுவில் அத்தாவின் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

அத்தா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். தலை சரியாக இருக்கிறதா என்று கேமராக்காரரைக் கேட்கிறார். ஷர்மினியிடம், சாப்பிட்டாயா, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்கிறார். பேட்டி எடுப்பது யார் என்றே தெரியவில்லை. பிறகு பார்க்கிங் கதை. பிறகு அதைவிடச் சுமாரான இன்னும் இரண்டு வேடிக்கை. எச்சரிக்கை இல்லை. பிரார்த்தனை இல்லை. புயல் வரும் என்று அவர் உண்மையிலேயே நம்பவில்லை.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது ஷர்மினியின் குரல் கேட்டது. "அப்ப உங்களுக்குப் பயமே இல்லையா அங்கிள்?"

"எனக்கு என்னா பயம்? என் பொண்டாட்டிதான் பயப்படுவா. காலைல இருந்து டிவிய அணைக்கல. அவ கூப்பிட்டா மட்டும் நான் கடைய மூடிட்டு ஓடிருவேன். புயல சமாளிச்சிடலாம் லா, அவ அழுதா என்னால முடியாது."

அதற்கும் சிரித்தார். பதிவு நின்றது.

தேடியது கிடைத்திருந்தது. வாய்க்கொழுப்பால் சாகவில்லை, மனைவி அழைத்ததும் வீட்டுக்குக் கிளம்பினார் என்பதற்கு அவர் வாயாலேயே சாட்சி. இதைப் போட்டால் அந்தக் கருத்துகள் நின்றுவிடும். நின்றுவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பும். அம்மா அழைத்திருக்காவிட்டால் என்று யாராவது ஒருவர் எழுதுவார். அதற்கும் சிரிப்பு முகங்கள் விழும்.

வங்கியிலிருந்து வந்த ஹஸ்ருல் பார்த்துவிட்டு, "போடு. இப்பவே போடு" என்றான்.

"அம்மா?"

அவன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று சுஹானாவால் முடிவெடுக்க முடியவில்லை. முடிவெடுக்கும் வேலை அவளுக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும், அந்தப் பெண் அனுப்பினாளா என்று ரோஹானாவே கேட்டாள். சுஹானா பதிவைப் போட்டாள். காலரை இழுத்துவிட்டபோது ரோஹானா லேசாகச் சிரித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டபோது, "யாரப் பாத்தாலும் இதே கேள்விதான்" என்றாள். கடைசிப் பகுதி வரும் நேரத்தில் சுஹானாவின் விரல் திரையை நோக்கிப் போனது. ரோஹானா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. கேக்குறேன்."

கேட்டாள். அத்தாவின் சிரிப்பு நின்று வெகுநேரமான பிறகும் கையை விடவில்லை.

"கட உள்ள இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் கூப்பிட்டேன். டிவியப் பாத்துப் பாத்து எனக்குப் புத்தி கலங்கிடுச்சு."

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. மரம் விழும்னு யாருக்குத் தெரியும்?"

"வரமாட்டேன்னு ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கலாம்ல இந்த மனுசன்?"

அப்போதுதான் அவள் உடைந்தாள். மையத்தை, அத்தாவின் உடலை, எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை. சுஹானா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஹஸ்ருல் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அழுது ஓய்ந்த பிறகு ரோஹானா எழுந்து முகம் கழுவினாள்.

"அத எங்கயும் போடாத" என்றாள். "ஊருக்குச் சொன்னத ஊரு வச்சுக்கட்டும். இது எனக்குச் சொன்னது."

சுஹானா போடவில்லை. அடுத்த வாரம் ஜனங்களுக்கு வேறொரு காணொளி கிடைத்தது, எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். அத்தாவின் சிரிப்பு எங்கெங்கோ கிடக்கிறது. இனி அதை யாராலும் திரட்டிக் கொண்டுவர முடியாது. ஹஸ்ருல் தன் வேலையை விட்டுவிட்டுக் கடையைத் திறந்தான். தொலைக்காட்சியின் மேல் ரோஹானா ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

இப்போதெல்லாம் சுஹானா வீடு திரும்பத் தாமதமானால் அம்மா கூப்பிடுவதில்லை. முன்பு பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை கூப்பிட்டுவிடுவாள். மழை இறங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். இப்போது யாரையும் வா என்று சொல்ல அவளுக்குப் பயம். அதனால் சுஹானாவே கூப்பிடுகிறாள்.

"அம்மா, கெளம்பிட்டேன்."

"அவசரமில்ல" என்பாள் ரோஹானா. "முடிஞ்சப்ப வா."