உள்ளேதான் இருக்கிறாள்

ஹால்வர் கிரீக் சீயோன் லூத்தரன் சபையில் பதினெட்டுப் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அதை வாய்விட்டுச் சொன்னது வெர்லீன் தோஸ்த்ருட் ஒருத்திதான்.

விஷயம் இதுதான். வான்கோழி இறைச்சி ஆலையில் பதினாலு வருஷம் கத்தி பிடித்த யூலாலியா இஷ்கோய்க்கு, குவாத்தமாலாவுக்கே திரும்பிப் போ என்று உத்தரவு வந்துவிட்டது. ஒன்பது வயது மகள் யெசேனியா இங்கே பிறந்ததால் இந்த நாட்டுக் குடிமகள். அவளைப் போகச் சொல்ல யாராலும் முடியாது. ஆலயத்துக்குள் புகுந்து ஆளைப் பிடிப்பதில்லை என்று குடியேற்ற அலுவலகத்தார் அப்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதனால், கீழ்த்தளத்தில் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையை அவளுக்குக் கொடுக்கலாமா என்று சபை கூடி ஓட்டெடுத்தது. பத்தொன்பதுக்குப் பதினெட்டு. மறுநாளே யூலாலியா மெத்தையோடு வந்து இறங்கினாள். மகள் சித்தி வீட்டிலிருந்து தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சட்டத்தை மாற்றச் சொல்லி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதவும் ஒரு குழு போட்டோம். எட்டு மாதமாகியும் குழு முதல் வரியைத் தாண்டவில்லை. ‘பணிவுடன்’ என்று போடுவதா, ‘மரியாதையுடன்’ என்று போடுவதா என்பதை ஆராய ஒரு துணைக்குழு உட்கார்ந்திருக்கிறது. மோசே எங்கள் சபையில் பிறந்திருந்தால் இஸ்ரவேலர் இன்னும் எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருப்பார்கள்.

வெர்லீனுக்கு வயது எழுபத்தொன்று. சட்டம் என்றால் சட்டம்தான் என்பது அவள் கட்சி. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. கீழ்த்தளத்துச் சமையலறை நாற்பது வருஷமாக அவள் ராஜ்யம். ஒவ்வொரு இழுப்பறையிலும் என்ன இருக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பாள். அங்கே இன்னொருத்தி வந்து, துக்க விருந்துக்கு அடுப்பில் சுட்டு வைத்த ஹாட்டிஷ் என்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தில் காய்ந்த மிளகாயை நுணுக்கிப் போட்டுவிட்டாள். ஆர்வின் பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டு, மூன்று தம்ளர் தண்ணீர் குடித்து, “வித்தியாசமா இருக்கு” என்றார். எங்கள் ஊரில் சாப்பாட்டைப் பற்றி அதைவிடக் கடுமையாக யாரும் பேசியதில்லை.

“இந்த வேலையெல்லாம் என் சமையல்கட்டுல வேணாம்” என்றாள் வெர்லீன். “நான் உனக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன். தெரிஞ்சுக்கோ.”

யூலாலியா மிளகாய் டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள். “தெரியும்மா. ஓட்டுப் போட்டது முப்பத்தேழு பேர். முப்பத்தாறு பேர் தனித்தனியா வந்து, ‘உனக்குத்தான் போட்டேன்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்போ அந்தப் பதினெட்டையும் நீங்க ஒரு ஆளே போட்டிருக்கணும்.”

வெர்லீனுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து மிளகாய்க்கும் ஒரு இழுப்பறை ஒதுக்கி, சீட்டும் ஒட்டினாள். ஆனாலும் கொள்கையை விடவில்லை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, எதிர்ப்பள்ளிக்கூடத்துப் புல்வெளியில் பிள்ளைகளின் வாத்தியக் கச்சேரி. யெசேனியா தனியாக டிரம்பெட் ஊதுகிறாள். யூலாலியா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

“ரோட்டைத் தாண்டினா நூறு தப்படிம்மா. பாத்துட்டு ஓடி வந்துடறேன்.”

“பத்து தப்படியா இருந்தாலும் அது ஆலயம் இல்லடி. புடிச்சிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?”

“எட்டு மாசமா அவ பள்ளிக்கூடத்துல ஊதறதைக் கீழ இருந்து காதாலதாம்மா கேக்கறேன். ஒரு தடவை அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேக்கணும்.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். வெர்லீன் எலுமிச்சைக் கேக்கைத் துண்டு போடுகிற சாக்கில் பலகையை நாலு போடு போட்டாள். பத்து நிமிஷம் கழித்துக் குப்பை கொட்ட மேலே வந்தால், வாசலில் ஒரு வெள்ளைக் கார். உள்ளே குடியேற்ற அலுவலகத்துச் சட்டையோடு ஒருவன்.

குப்பைக் கூடையை அவள் படியிலேயே போட்டாள். நேரே போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“லிண்ட்வால்ங்கம்மா, பக்கத்துல எல்ம் புரூக்தான் ஊரு” என்று இறங்கி நின்று சொன்னான் அவன். முப்பது வயதிருக்கும். “அந்தப் பொண்ணு வெளிய போயிருக்குன்னு யாரோ போன் பண்ணாங்க. உள்ள இருந்தாங்கன்னா நான் பேசாம திரும்பிடுவேன். இல்லன்னா வர்ற வரைக்கும் இங்கயே நிக்கணும். வந்தா புடிக்கணும்.”

எங்கே போயிருக்கிறாள் என்பதைப் போன் செய்தவர் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்தானே, காட்டிக்கொடுத்தாலும் அரைகுறையாகத்தான் காட்டிக்கொடுப்பார். அது யார் என்று யோசிக்க வெர்லீனுக்கு அப்போது நேரமில்லை.

“காப்பி சாப்பிடறீங்களா தம்பி?”

“வேணாம்மா, பரவாயில்ல.”

ஒன்று. “போட்டு வச்சிருக்கேன், வீணாத்தான் போகும்.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

இரண்டு. எங்கள் பக்கத்தில் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவதில்தான் ஒத்துக்கொள்வார்கள்; வேற்றாளாக இருந்தால் பேச்சு இதோடு முடிந்திருக்கும். வெர்லீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கேட்டாள். “அரைக் கப்பாவது?”

“சரி, அரைக் கப்புன்னா...” என்று பின்னாலேயே வந்தான். நம்ம லூத்தரன்தான் என்று அவளுக்கு உயிர் வந்தது.

சமையலறையில் ரோட்டைப் பார்த்த ஜன்னல் கிடையாது. தட்டில் நாலு கேக் துண்டுகளை வைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மறுத்து மூன்றைச் சாப்பிட்டான். கடைசித் துண்டைக் கை நீட்டி எடுக்கிறவன் எங்கள் சபையில் தலை நிமிர முடியாது. அதனால் அதைப் பாதியாக வெட்டி எடுத்தான். பிறகு மீதியில் பாதி. பிறகு அதிலும் பாதி. வெளியே டிரம்பெட் கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் சுருதி பிசகி, மறுபடி சரியாயிற்று. வெர்லீன் அவன் கப்பை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவன் கப்பைக் கையால் மூடினான். “நேராவே கேட்டுடறேம்மா. யூலாலியா இஷ்கோய் இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்காங்களா?”

வெர்லீன் பொய் சொல்கிற ஜாதி இல்லை. பாடகர் குழுவில் என் குரல் எப்படி என்று புருஷன் கேட்டபோது, நாராசம் என்றவள். அவர் சாகும்வரை அதற்கப்புறம் பாடவில்லை. இப்போது காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவள்தானே, உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் அவள் சொன்னபடியே முடிந்துவிடும்.

அப்போது தலைக்கு மேலே காலடிச் சத்தம். கூடத்தைக் கடந்து போய், ஒரு கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அவங்கதானா?”

“ஆமா” என்றாள் வெர்லீன். “உள்ளதான் இருக்கா.”

அவன் நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்தான். இனிமேல்தான் ஆபத்து. எங்கள் ஊரில் விடைபெறுவதென்றால் மேஜையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, கார் கதவில் ஒரு தடவை, கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை. முக்கால் மணி நேரம் ஆகும். அவன் வாசலிலேயே சோள விதைப்பு பற்றி ஆரம்பித்தான். எதிரே கச்சேரி முடிந்து கூட்டம் கலைகிறது. பெரிய முரசு ஒன்றின் பின்னால் யூலாலியாவின் தலைத்துணி தெரிகிறது.

“சரி தம்பி, கிளம்புங்க” என்றாள் வெர்லீன்.

பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். காது சிவக்க ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனான்.

யூலாலியா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “நடுவுல என்னைப் பாத்துட்டாம்மா. பாத்ததும் சுருதியை விட்டுட்டா!”

“நீ பாத்துட்டு வந்த. இங்க எனக்கு உசுரு போய் உசுரு வந்துது” என்று கத்திவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் வெர்லீன். பிடித்த கையை விடவும் மனம் வரவில்லை.

சத்தம் கேட்டு பாஸ்டர் அனிக்கா தன் அறையிலிருந்து வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, வெர்லீனின் தோளை ஆதரவாகத் தொட்டாள்.

“மேல நடந்தது நான்தான் வெர்லீன். நீங்க யூலாலியான்னு நினைச்சுட்டீங்க. அறியாம சொன்னது பொய் ஆகாது, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க.”

“அறியாமயா? ஆறு வருஷமா உங்க மரக்கட்டைச் செருப்பு என் தலைக்கு மேலதான் நடக்குது பாஸ்டரம்மா. அது யாருன்னு எனக்குத் தெரியாதா?”

பாஸ்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை பாவ அறிக்கையில மத்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றாள் வெர்லீன். “இதுக்குக் கேக்க மாட்டேன்.”