இறக்க முடியாத நாண்

கோர்டி இரண்டு கைகளாலும் குறுக்குவில்லின் நாணைப் பற்றி, மெல்ல முன்னால் விட்டு இறக்கப் பார்த்தான். அது இம்மியும் அசையவில்லை.

“விரல் போயிடும்,” என்றாள் ஆர்லீஸ். “உன் பழைய வில்லு மாதிரி இதக் கையால இறக்க முடியாது. அம்பு வெச்சு எய்யணும்.”

கறுப்பு உடைக்கு மேல் தன் கணவன், கோர்டியின் அண்ணன் வெர்லினின் வேட்டைச் சட்டையைப் போட்டிருந்தாள். அவனுடைய அடக்கத்துக்காகப் பதினொரு மணிக்குத் தேவாலயத்தில் இருக்க வேண்டும். நான்கு நாளாக, துப்பாக்கி போல விசை வைத்த அந்தக் குறுக்குவில் நாணேறியபடியே கொட்டகை மேசையில் கிடந்தது. மரத்துப் பரணிலிருந்து வெர்லினின் உடலை இறக்கிய ஷெரிப் ஆபீஸ் போலீஸ்காரர் அம்பை மட்டும் எடுத்துவிட்டு, வில்லை அப்படியே கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“இத இப்படியே விட்டுட்டு அவரப் பொதைக்க வரமாட்டேன்.”

“உனக்குத்தான் தெரியுமே. நீயே எய்யலாமே?”

“எய்யலாம். நீ எய்.”

பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள். எங்கே தட்டினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மே மாதம், வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட எல்லோரும் கூடும் மதுக்கடையில், குறுக்குவில் வாங்கலாமா என்று வெர்லின் பேச்சோடு பேச்சாகக் கேட்டான். தோளில் அறுவை செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; பழைய வில்லை இழுக்க முடியவில்லை. “அது வில்லா? கூச்சப்படுற துப்பாக்கி. வாங்கறதுன்னா பல்செட்டும் சேத்து வாங்கிடு,” என்றான் கோர்டி. கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். செப்டம்பரில், இந்த வருஷம் வேட்டைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கோர்டி கேட்கவில்லை.

“எப்ப வாங்கினான்?”

“ஜூலைல. இங்க வாங்கினா உன் காதுக்கு வந்துடும்னு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போனோம். மூணு தடவ. வேகமானது ஒண்ணக் காட்டினாங்க. வேண்டாம்னுட்டாரு. கைப்பிடி சுத்தி நாண் ஏத்துறது இது. ‘இது என்னால முடியுது ஆர்லீஸ்’னாரு. கடைக்காரன் முன்னாடியே கண்ணு கலங்கிடுச்சு.”

முப்பத்தொரு வருஷம் இருவரும் ஒரே மேட்டில்தான் வேட்டையாடினார்கள். பத்து மணிக்கு இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். ஒருவன் வராவிட்டால் மற்றவன் தேடிப் போவான். இந்த முறை வெர்லின் யார் கண்ணிலும் படாமல் சதுப்புப் பக்கம் போய்ப் பரண் கட்டினான். அன்று கோர்டி மேட்டில் தனியாகக் காபி குடித்து, பாதியைக் கீழே கொட்டிவிட்டு வந்தான். காலையிலேயே நெஞ்சு வலி வந்திருக்கும் என்றார் டாக்டர். கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்தப் பாழாய்ப்போன வாயை மதுக்கடையில் மூடிக்கொண்டிருந்தால் பத்து மணிக்குக் கோர்டி தேடிப் போய்ப் பார்த்திருப்பான்.

கொட்டகைக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாத இடத்தில் வெர்லின் எய்து பழகிய இலக்கு நின்றது. நடுவே ஒரு கையகலத்துக்குள் அத்தனை துளைகளும். தினமும் இந்த வழியாகத்தான் கோர்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

“கட்டை விரல மேல தூக்காத. நாண் அறுத்துடும். கன்னத்த வெச்சுப் பாரு.”

அவள் கொடுத்த அம்பைப் பொருத்தினான். விசையைத் தொட்டதுதான் தெரியும். அம்பு பின்முனை வரைக்கும் புதைந்து நின்றது. நாண் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் வேலை.

“கிளம்பலாம்,” என்றாள் ஆர்லீஸ். “நேரமாச்சு.”

அவன் நகரவில்லை.

“அந்தக் கைப்பிடி எங்க மாட்டறது?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, கறுப்பு உடை ஈரப்புல்லில் படக் கைப்பிடியை மாட்டிக் காட்டினாள். கோர்டி இடது கையால் மட்டும் சுற்றினான். பலமே வேண்டியிருக்கவில்லை. குழந்தைகூடச் சுற்றலாம். நாண் ஏறிக் கொக்கியில் உட்கார்ந்தது.

இனி அதை மறுபடியும் எய்துதான் இறக்க வேண்டும். தேவாலயத்தில் எல்லோரும் வந்திருப்பார்கள்.

ஆர்லீஸ் சட்டைப் பையிலிருந்து இன்னொரு அம்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.